இருபத்து மூன்று பூனைகள்

மடுல்சீமை,
ஆனந்த வருஷம் வைகாசி 6. (1914 மே)

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்குப் பொன்னையா வணக்கத்துடன் எழுதிக்கொண்டது.

நான் சுகம். தங்கள் சுகத்தையும் பதுளைக் கடையின் நிலைமையையும் அறிய ஆவல். ஒரு வருஷம் மூன்று மாதம் எழுதாமல் இருந்துவிட்டு, இப்போது ஒரு தேவைக்காக எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தோட்டத்தில் எலி பெருத்துவிட்டது. ஆட்கள் குடியிருக்கும் ஐந்து லயங்களிலும் இதே கதை. முதலில் அரிசி போயிற்று. பிறகு கம்பளி. கம்பளி போனால் மலையில் மழைக்குப் போர்த்த ஆட்களுக்கு வேறு ஒன்றுமில்லை. இப்போது தூங்குகிறவர்களின் குதிகாலைக் கடிக்கின்றன. நடந்து நடந்து தோல் தடித்த கால்கள். கடிபட்டது விடிந்த பிறகுதான் தெரிகிறது.

மரப்பொறி பன்னிரண்டு செய்து வைத்தோம். தேங்காய்த் துண்டு போகிறது, எலி விழுவதில்லை. கொழும்பில் கொள்ளைநோய் கண்டதிலிருந்து துரைக்கும் பயம். செத்த எலி ஒன்று கிடந்தாலும் அந்த லயத்தைக் கொளுத்திவிடுவேன் என்கிறார். ஆகையால் ஆட்கள் செத்த எலிகளை மறைத்துப் புதைக்கிறார்கள். எனக்குத் தெரியும். தெரியாதவன்போல் இருக்கிறேன்.

தங்கள் அரிசிக் கிடங்கில் பூனைகள் உண்டு என்பது நினைவிருக்கிறது. இரண்டு கொடுத்தால் பெரிய உதவி. தோட்டத்துத் தபால்காரர் வீரய்யா சனிக்கிழமைதோறும் பதுளைக்கு வருகிறார். கூடையில் போட்டுக் கொடுத்தால் கொண்டுவந்துவிடுவார்.

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்லவும்.

தங்கள் மருமகன்,
பொன்னையா, கணக்கப்பிள்ளை.


பதுளை,
வைகாசி 11.

தங்களுக்கு மீனாம்பாள் எழுதுவது.

அப்பாவுக்கு இரண்டு கண்ணிலும் படலம். கடைக்கு வரும் கடிதங்களை நான்தான் வாசித்துச் சொல்கிறேன். பதிலும் நான்தான் எழுதுகிறேன். மிஷன் பள்ளியில் ஐந்தாம் வகுப்புவரை படித்தது இதற்காவது ஆயிற்று. இது உங்களுக்குத் தெரிந்திருக்கும். வீரய்யா இங்கேதான் வெற்றிலை வாங்குகிறார். சொல்லாமலா இருப்பார்.

எல்லோரையும் கேட்டதாகச் சொல்லச் சொல்லியிருக்கிறீர்கள். அம்மா போனபின் இந்த வீட்டில் இரண்டே பேர். அப்பாவைக் கடிதத்தின் தலைப்பிலேயே விசாரித்துவிட்டீர்கள். மிச்சம் நான் ஒருத்தி.

பூனை இருக்கிறது. பெட்டை ஒன்று, ஒரு காது அறுந்தது. பங்குனியில் ஐந்து குட்டி போட்டது. கொடுத்துவிடு என்கிறார் அப்பா. எனக்குத்தான் ஒரு சந்தேகம்.

நான் கல்யாணமாகி அந்தத் தோட்டத்துக்கு வந்தபோது லயத்துக்கு நாலைந்து பூனைகள் இருந்தன. தனம் பிறந்த வருஷம் கார்த்திகையில் எல்லாம் ஒரே நாளில் சாக்கில் போயின. ஏன் என்று கேட்டேன். துரை உத்தரவு என்றீர்கள். மார்கழியில் கருப்பம்மாவின் வெள்ளைப் பூனை மட்டும், நாலு காலும் புண்ணாக, நம் வீட்டு அடுப்படிக்கு வந்து சாம்பலில் படுத்தது. பால் வைத்தேன். மறுநாள் அதையும் காணோம். குழந்தை இருக்கிற வீடு, கூரையெல்லாம் எலி ஓடுகிறது, ஒரு பூனையாவது இருக்கட்டும் என்று உங்களிடம் கேட்டேன். அப்போதும் துரை உத்தரவு. தை மாதம் தனத்தின் கட்டைவிரலை எலி கடித்தது. மாசியில் அவள் இல்லை. ஏழு மாதக் குழந்தை.

அந்த உத்தரவு இப்போது இல்லையா? இருக்குமானால் நான் அனுப்புவதும் சாக்கில்தான் போகும். அதற்கு இது இங்கேயே கிடக்கட்டும்.

மீனாம்பாள்


மடுல்சீமை,
வைகாசி 20.

மீனாம்பாளுக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்தேன். ழகரத்தின் வாலை இன்னும் நீளமாகத்தான் இழுக்கிறாய்.

உத்தரவைப் பற்றி. துரை இப்போது ஒன்றும் சொல்வதில்லை. பூனை வந்தால் நல்லது என்றே நினைப்பார்.

நேற்றுக் காலைப் பெரட்டில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். வரிசைக்கு முன்னால் ஒரு எலி, பயமில்லாமல் நடந்து போயிற்று. ஓடவில்லை, நடந்தது. கருப்பம்மா பின்னாலிருந்து, “அதுக்கும் ஒரு பேரு போடுங்கய்யா. நம்மளுக்கு முந்தியே பெரட்டுக்கு வந்து நிக்குதுல்ல” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நான் சிரித்ததும் அவர்கள் நிறுத்திவிட்டார்கள்.

வீடு அப்படியே இருக்கிறது. அடுப்பு மூட்டுவதில்லை. மூன்றாம் லயத்து ரெங்கம்மா இரண்டு வேளைச் சோறு அனுப்புகிறாள். ஆறித்தான் வரும். தொட்டில் நீ விட்டுப்போனபடியே விட்டத்தில் தொங்குகிறது. உன் பச்சைச் சேலை. அவிழ்க்கச் சொல்லி நீ சொல்லவில்லை. அவிழ்க்க வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

வேலை முடிந்தால் பேச ஆள் இல்லை. லயத்து ஆட்கள் கணக்கப்பிள்ளையிடம் பேசுவது கேட்டதற்குப் பதில் மட்டும். துரையிடம் நான் பேசுவதும் அப்படித்தான். கூரையில் எலிகள் தமக்குள் ஏதோ பேசிக்கொள்கின்றன. அவற்றுக்கு நிறையச் செய்தி இருக்கிறது.

நீ எப்படி இருக்கிறாய்?

பொன்னையா


பதுளை,
ஆனி 2.

தங்களுக்கு மீனாம்பாள் எழுதுவது.

கேட்டதற்குப் பதில்: சுகம். காலையில் கடை திறக்கிறேன். அப்பா அரிசியைக் கையில் அள்ளியே எந்த மூட்டை என்று சொல்லிவிடுகிறார். கண் வேண்டியதில்லை. பண்டாரவளையில் ரயிலிலிருந்து இறக்கி வண்டியில் வரும் மூட்டைகளைப் பூனை முதலில் சுற்றிப் பார்க்கும். பிறகுதான் ஆட்கள் தொடுவார்கள். சென்ற வாரம் ஒரு மூட்டைக்குள்ளிருந்து எலி பாய்ந்தது. அது எந்த ஊர் எலியோ. நான் தராசை விட்டுவிட்டுப் பின்கட்டுக்குப் போய்விட்டேன். எலியைப் பார்த்தால் இப்போதும் என் கை கட்டைவிரலை மூடிக்கொள்கிறது.

அடுத்த கடை மர்லியா உங்கள் கடிதத்தைப் பற்றிக் கேள்விப்பட்டுச் சிரித்தாள். “உங்கட மாப்பிள்ள பொஞ்சாதியக் கேக்க வெக்கப்பட்டுப் பூனையக் கேக்கிறார் புள்ள. குடுத்து அனுப்பு, ரெண்டையும்” என்றாள்.

அவள் சொன்னது சரியா என்று நான் உங்களைக் கேட்கவில்லை. என் கேள்வி வேறு.

துரை இப்போது ஒன்றும் சொல்வதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அது பதில் அல்ல. அந்தக் கார்த்திகையில் என்ன சொன்னார்? எந்த வார்த்தைகளில் சொன்னார்? அவருடைய தமிழ் எனக்குத் தெரியும். நீளமாக இருந்திருக்காது. அப்படியே எழுதுங்கள்.

அது வந்த பிறகு பூனை வரும்.

மீனாம்பாள்


மடுல்சீமை,
ஆடி 19.

மீனாம்பாளுக்கு,

உன் கடிதம் வந்து ஏழு வாரம். மூன்று முறை எழுதிக் கிழித்தேன். கிழித்த தாளையும் எலி கொண்டுபோயிற்று.

போன வாரம் எதிர் மலைப் பத்தனைப் புல்லுக்கு யாரோ நெருப்பு வைத்தார்கள். வருஷந்தோறும் வைப்பதுதான். இந்த வருஷம் கச்சான் காற்று அதிகம். ஒரு பகல் முழுக்க எரிந்தது. புல்லில் இருந்த எலிகளெல்லாம் ஓடையைத் தாண்டி லயங்களுக்கு வந்தன. பட்டப்பகலில். தரை நகர்வதுபோல இருந்தது. ஆட்கள் எல்லோரும் மலையில். லயத்தில் குழந்தைகளும் அவற்றைப் பார்த்துக்கொள்ளும் ஒரு கிழவியும். கருப்பம்மாவின் பேத்திக்கு ஐந்து மாதம். காதில் கடித்துவிட்டது.

நான் தூக்கிக்கொண்டு மருந்துச்சாலைக்கு ஓடினேன். காய்ச்சல் வரவில்லை. பிழைத்துக்கொண்டது. மலையிலிருந்து இறங்கி வந்த கருப்பம்மா பிள்ளையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். ஏதாவது சொல்லியிருக்கலாம்.

இன்று வேலை முடிந்து வீட்டுக்கு வந்தேன். தொட்டிலுக்குள் சத்தம். மெல்லிய கீச்சு. கையை விட்டேன். உள்ளே சூடாக இருந்தது. அந்தத் துணியில் ஒன்றரை வருஷமாக இல்லாத சூடு. கையை எடுக்கச் சிறிது நேரமாயிற்று.

ஏழு எலிக்குஞ்சுகள். கண் திறக்காதவை. உன் சேலையின் முந்தானையைக் கடித்து மெத்தை செய்திருக்கிறது தாய்.

அவற்றை ஒன்றும் செய்யவில்லை. உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

துரை சொன்னது: “கணக்கப்பிள்ளை, ஒரு பூனை நம்ம கோழிக் குஞ்சு தின்றது. நீ பார்.”

அவ்வளவுதான். ஒரு பூனை. பார்.

எனக்கு அந்த வேலை கிடைத்து அப்போது மூன்று மாதம். ஒன்று சொன்னால் பத்தாகச் செய்கிறவன் என்று பெயரெடுக்க நினைத்தேன். பெரட்டில் நின்று துரை உத்தரவு என்று சொன்னேன். துரை அப்போது பங்களாவில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். ஐந்து லயத்திலும் இருபத்து மூன்று பூனைகள். நான்தான் எண்ணினேன். சாக்கில் கட்டி, வீரய்யா தலையிலும் இன்னும் இரண்டு பேர் தலையிலும் ஏற்றி, கணவாய்க்கு அப்பால் காட்டில் விடச் சொன்னேன். கருப்பம்மா மட்டும் தரமாட்டேன் என்றாள். நின்ற இடத்திலேயே அவளை மேல் மலைச் சரிவுக்குக் கொழுந்தெடுக்க மாற்றினேன். அவள் வயதில் யாரையும் அங்கே ஏற்றுவதில்லை. அன்று பொழுது சாய்வதற்குள் பூனையைக் கொண்டுவந்து கொடுத்தாள். அவளை மறுபடி கீழே இறக்க மறந்துவிட்டேன். இல்லை, மறக்கவில்லை.

வெள்ளைப் பூனை மார்கழியில் திரும்பி வந்தது. நீ பால் வைத்தாய். மறுநாள் அதைக் கொண்டுபோனது நான்தான். இரண்டாம் தடவை வீரய்யாவிடம் கொடுக்க வெட்கமாயிருந்தது. அதன் பிறகு அது வரவில்லை.

பூனைகள் போன மறுவாரம் துரை வீட்டில் இன்னொரு கோழிக்குஞ்சு போயிற்று. கீரி.

தனத்துக்கு விரல் வீங்கிய நாட்களில் நீ என் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் சொல்லிவிட நினைத்தேன். நீ துரையைத் திட்டினாய். திட்டட்டும் என்று இருந்துவிட்டேன்.

தொட்டிலை என்ன செய்வது என்று நீதான் சொல்ல வேண்டும்.

பொன்னையா


பதுளை,
ஆடி 27.

தங்களுக்கு மீனாம்பாள் எழுதுவது.

தெரியும்.

நான் கிளம்பிய அன்று என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பசறை வரை வந்தவர் வீரய்யாதான். பாதி வழியில் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு நின்றார். “அம்மா, உத்தரவுன்னு ஒண்ணுமே இல்லியாம். துரை வீட்டுச் சமையக்காரன் சொல்லிச் சிரிக்கிறான். அந்த வெள்ளப் பூனைய ஐயாவே தூக்கிட்டுப் போனாரு. நா எதுத்தாப்புல வந்தேன். சாக்கு கத்துச்சு. ஐயா தலையக் குனிஞ்சுக்கிட்டுப் போறாரு” என்று சொல்லி அழுதார். நான் அழவில்லை. திரும்பிப் போய்க் கேட்கலாமா என்று அந்த வளைவில் நின்று யோசித்தேன். நான் கேட்டு நீங்கள் சொன்னால் அது வேறு. நீங்களாகச் சொல்ல வேண்டும் என்று இருந்தது. பெட்டியைத் தூக்கச் சொன்னேன்.

காத்திருந்தேன். கடைசியில் நான்தான் கேட்க வேண்டியதாயிற்று. ஆனாலும் சொன்னீர்கள்.

வீரய்யாவிடம் பெரிய கூடை. தாயும் ஐந்து குட்டிகளும். குட்டிகளுக்கு எலி பிடிக்கிற பருவம். கூடையைத் துணியால் மூடித் தைத்திருக்கிறேன். வழியில் பிரிக்க வேண்டாம். வழியைப் பார்த்துவிட்டால் திரும்பி வந்துவிடும். அங்கே போனதும் பூனைகளின் காலில் நல்லெண்ணெய் தடவுங்கள். அதை நக்கி முடிப்பதற்குள் இடம் பழகிவிடும்.

லயத்துக்கு ஒரு குட்டி. முதல் குட்டி கருப்பம்மாவுக்கு. வேறு யாரையும் அனுப்பாமல் நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். துரை அன்று சொன்ன வார்த்தையை எனக்கு எழுதியபடியே பெரட்டில் நின்று சொல்லுங்கள். உத்தரவை அங்கேதான் சொன்னீர்கள். தாய்ப் பூனை உங்களுக்கு.

எலிக்குஞ்சுகளை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. பூனைக்குத் தெரியும். தொட்டிலை அவிழ்த்து, கொதிநீரில் அலசி, வெயிலில் காயப்போட்டு, கருப்பம்மாவின் பேத்திக்குக் கொடுத்துவிடுங்கள். முந்தானை போனால் பரவாயில்லை. நடுத்துணி கெட்டி.

செய்தபின் எழுதுங்கள்.

மீனாம்பாள்


மடுல்சீமை,
புரட்டாசி 8.

அன்புள்ள மீனாம்பாளுக்கு,

செய்தேன்.

பெரட்டில் சொன்னபோது என் குரல் எனக்கே கேட்கவில்லை. பின்வரிசையில் ஒருவர், “சத்தமாச் சொல்லுங்கய்யா, வேலைக்குக் கத்தும்போது மட்டும் நல்லாக் கேக்குதே” என்றார். மறுபடி சொன்னேன். பிறகு கருப்பம்மா முன்னால் வந்து குட்டியை வாங்கி முந்தானைக்குள் போட்டுக்கொண்டாள். “பூன வந்திருச்சு. நம்மள எப்பங்கய்யா மேல் மலைய விட்டு எறக்கப் போறீங்க?” என்றாள். அன்றே கீழ் மலைக்கு எழுதினேன். அங்கே நின்று கொழுந்தெடுக்கும்போது அவள் பாடுகிறாள். இதுவரை அவள் பாடி நான் கேட்டதில்லை.

உன் சேலையில் அந்தப் பிள்ளை தூங்குகிறது. தாண்டிப் போகும்போது பச்சை தெரிகிறது. நின்று பார்ப்பதில்லை.

துரை காதுக்கும் விஷயம் போய்விட்டது. கூப்பிட்டுக் கேட்டார். அதே வார்த்தைகளைச் சொன்னேன். தான் அப்படிச் சொன்னாரா என்று யோசித்தார். அவருக்கு நினைவில்லை. சிரித்துவிட்டுப் போகச் சொன்னார். அவருக்கு அது நினைவிலேயே இல்லை, மீனாம்பாள்.

லயங்களில் எலி அடங்கிவிட்டது. பேர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்குக் குறைவு. காதறுந்த தாய்தான் பெரிய வேட்டைக்காரி. ஆனால் என் வீட்டில் அது தங்கவில்லை. எண்ணெய் தடவினேன். பால் வைத்தேன். ஒரு பொழுதுதான் இருந்தது. மறுநாள் நாலாம் லயத்துக்குப் போய்விட்டது. தூக்கிவந்தேன். மறுபடி போய்விட்டது. ஆகவே தோட்டத்தில் இன்னும் எலி இருக்கும் வீடு இது ஒன்றுதான். விட்டத்தில் தொட்டில் கட்டிய இடத்தில் கயிற்றுத் தடம் இருக்கிறது. அதன் மேலேயே ஓடுகின்றன.

ஐப்பசியில் மழை பிடித்தால் பாதை கெட்டுவிடும். அதற்கு முன் வந்துவிடு. பசறைக்கு நானே வண்டி கொண்டு வருகிறேன். பெட்டியை நானே தூக்குகிறேன். மாமாவும் வருவதானால் கீழறையைச் சுத்தம் செய்து வைக்கிறேன். நீ கேட்டதெல்லாம் செய்தேன் என்பதற்காகக் கேட்கவில்லை. செய்யாவிட்டாலும் கேட்டிருப்பேன்.

உன்
பொன்னையா


பதுளை,
ஐப்பசி 1.

அன்புள்ள தங்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் பல முறை வாசித்தேன். அப்பாவுக்கு வாசித்துக் காட்டவில்லை. அவர் கேட்கவும் இல்லை. வாசிக்கும்போது என் மூச்சைக் கேட்டிருப்பார்.

கோபம் தீர்ந்தால் வந்துவிடுவேன் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அதனால்தான் பெட்டியை இன்னும் முழுக்கப் பிரிக்காமல் வைத்திருந்தேன். நீங்கள் பெரட்டில் நின்றதை வாசித்தபோது அது தீர்ந்தது. உண்மையாகவே தீர்ந்தது. அந்தக் கோபத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்த்தேன். ஒன்றும் இல்லை. இவ்வளவு நாளும் அந்த வீட்டோடு என்னைக் கட்டி வைத்திருந்தது அது ஒன்றுதான் போலிருக்கிறது. இதை எழுத எனக்கு வருத்தமாக இருக்கிறது. பொய் எழுதினால் உங்களைக் கேட்ட கேள்விக்கு அர்த்தமில்லை.

வரமாட்டேன். வண்டி கொண்டு வந்து பசறையில் நிற்க வேண்டாம். மழையில் நனைவீர்கள்.

பெட்டியைப் பிரித்துவிட்டேன். தனத்தின் சட்டை ஒன்று இருந்தது. அதை வைத்துக்கொள்கிறேன்.

பூனை உங்கள் வீட்டில் தங்காததற்குக் காரணம் நீங்கள் அல்ல. அடுப்பு மூட்டாத வீட்டில் எந்தப் பூனையும் தங்காது. அதற்குச் சாம்பல் சூடு வேண்டும். ரெங்கம்மாவிடம் சோறு வேண்டாம் என்று சொல்லுங்கள். அரிசியை மூன்று தரம் கழுவுங்கள். உலை கொதித்த பிறகு போடுங்கள். விறகை மழைக்கு முன் உள்ளே எடுத்து அடுக்குங்கள். முதல் இரண்டு நாள் குழையும். பிறகு வந்துவிடும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மீனாம்பாள்


மடுல்சீமை,
கார்த்திகை 4.

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்குப் பொன்னையா வணக்கத்துடன் எழுதிக்கொண்டது.

நான் சுகம். இங்கே பதினாறு நாளாக மழை. மேல் பாதை சரிந்துவிட்டது. இந்தக் கடிதம் எப்போது வந்து சேருமோ தெரியாது. அவசரம் ஒன்றுமில்லை.

தாங்கள் கொடுத்த பூனைகள் எல்லாம் நலம். லயங்களில் இப்போது எலித் தொல்லை இல்லை. ஆட்கள் தங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னார்கள்.

அடுப்பு மூட்டுகிறேன். முதல் இரண்டு நாள் சோறு குழைந்தது. ஐந்தாம் நாள் காலை காதறுந்த பூனை தானாக வந்தது. நனைந்திருந்தது. என்னைப் பார்க்காமல் நேரே அடுப்படிக்குப் போய்ச் சாம்பலில் படுத்துக்கொண்டது. இன்னும் அங்கேதான் கிடக்கிறது. கூரையில் இப்போது சத்தமே இல்லை.

தங்கள் கண்ணுக்கு வைத்தியம் பார்க்கவும்.

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்லவும்.

தங்கள்
பொன்னையா